நெடுங்கோட்டகம் ஜெயிலுக்கு ஒரு சாட்சியின் பயணம்

தை பிறந்து இரண்டாவது சனிக்கிழமை, காலை 6.10. தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில், மன்னார்குடி வழியாகத் திருத்துறைப்பூண்டி போகும் அரசுப் பேருந்தில் ஏறினேன். அறுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பத்தெட்டு ரூபாய். வெயில் படாத வலப்பக்க ஜன்னல் கிடைத்தது. எழுபத்தேழு வயதில் ஒரு பயணத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை.

நான் பார்க்கப் போனது ஒரு ஜெயிலை. திருத்துறைப்பூண்டியிலிருந்து கடலை நோக்கிப் பதினொரு கிலோமீட்டரில் இருக்கிறது நெடுங்கோட்டகம். சுற்றுலாப் புத்தகம் எதிலும் அந்தப் பெயர் இருக்காது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் அங்கே ஒரு துணைத் தாசில்தார் அலுவலகம் இருந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி அதைக் கச்சேரி என்பார்கள். அதோடு ஒட்டிக் கட்டியது ஜெயில். இரண்டும் மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்டலாம் என்று ஒரு தரப்பும், காப்பாற்ற வேண்டும் என்று இன்னொரு தரப்பும் பேரூராட்சியில் வாதாடிக்கொண்டிருக்கின்றன. காப்பாற்றச் சொல்பவர்களின் தலைவர் கலியமூர்த்தி, போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கல்லூரியில் வரலாறு நடத்தியவன் என்பதால், கட்டடத்தை நேரில் பார்த்து அதன் மதிப்பைப் பற்றி ஒரு குறிப்பு எழுதித் தரும்படி கேட்டிருந்தார்.

அவர் கடிதத்தில் இன்னொரு பத்தியும் இருந்தது. "நாலாவது வார்டு உறுப்பினர் வசந்தா மட்டும் ஒத்துவர மறுக்கிறார். அவருடைய அப்பா சாமிக்கண்ணு ஒரு காலத்தில் இந்த ஜெயிலில் இருந்தவராம். தங்களைப் போன்றவர் எடுத்துச் சொன்னால் கேட்பார்."

எனக்கு எந்த ஊர் என்று கலியமூர்த்திக்குத் தெரியாது. நெடுங்கோட்டகத்துக்கு நாலு கிலோமீட்டரில் இருக்கும் புன்னையடிதான் என் ஊர். என் இருபதாவது வயதில், சாமிக்கண்ணு அந்த ஜெயிலில் நாற்பது நாளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்ததற்குக் காரணம் நான். அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. அது அன்றைக்கே எனக்குத் தெரியும். கடிதம் வந்த அன்றே, வருகிறேன் என்று பதில் போட்டேன். கட்டடத்தைப் பார்க்க வேண்டும், சாமிக்கண்ணுவின் மகளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டையும் செய்துவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்திருந்தேன்.

6.50. வடுவூர் ஏரி. பனி இன்னும் விலகவில்லை. நீரின் மேல் பறவைகள் எழும்பி எழும்பி உட்கார்ந்தன. எனக்கு முன்னால் இருந்த அம்மாள் கண்டக்டரிடம், "ஏம்ப்பா, கொக்கு எல்லாம் டிக்கெட் எடுக்காமயே எம்மாந்தூரத்துலேர்ந்து வருது பாரு" என்றார். "அதுங்களுக்குச் சில்லறை கேட்டுச் சண்டை போடத் தெரியாதும்மா" என்றார் கண்டக்டர்.

மன்னார்குடியில் பாமணியாற்றைத் தாண்டும்போது மணி 7.25. அதற்கப்பால் இருபுறமும் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரம் வயலில் ஒரு சுற்று வந்து, நெல்லை நேராக டிராக்டர் பெட்டியில் கொட்டுகிறது. டிராக்டர் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. சாலையின் பாதி அகலத்தில் நெல்லைப் பரப்பிக் காய வைத்திருந்தார்கள். ஓட்டுநர் ஒலிப்பானை அடிக்காமல் மீதிப் பாதியில் ஒதுங்கிப் போனார். களம் என்று ஒன்றை எங்கேயும் பார்க்கவில்லை.

நான் செய்ததைச் சொல்ல வேண்டுமானால் முதலில் களத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அறுத்து, அடித்து, தூற்றிய நெல்லைக் களத்தின் நடுவே கூம்பாகக் குவிப்பார்கள். அதற்குப் பொலி என்று பெயர். அளந்து வீடு போய்ச் சேரும்வரை ஓரிரு நாள் அங்கேயே கிடக்கும். சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, எழுத்து வெட்டிய மரப்பலகையை அதில் தோய்த்து, பொலியைச் சுற்றிலும் குறி போடுவார்கள். ஒரு பிடி நெல்லை உருவினாலும் நெல் சரியும், குறி கலையும். காவலுக்கு ஓர் ஆள் இருப்பார். விடிந்ததும் மிராசுதார் வந்து சுற்றிப் பார்ப்பார். குறி கலைந்திருந்தால் காவல்காரன் திருடன். வேறு விசாரணை கிடையாது.

எங்கள் களத்துக்குக் காவல் சாமிக்கண்ணு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தேன். விடியற்காலையில் தனியாகக் களத்துப் பக்கம் போனேன். சாமிக்கண்ணு வாய்க்காலில் முகம் கழுவப் போயிருந்தார். பொலியின் ஓரத்தைத் தாண்டிக் குதிக்க முடியுமா என்று பார்க்கலாம் என்று தோன்றியது. வேறு காரணம் எதுவும் இல்லை. குதித்தேன். கால் கணுக்கால்வரை நெல்லில் புதைந்தது. சரசரவென்று சரிந்து மூன்று குறிகள் போயின. கையால் தட்டிச் சரி செய்யப் பார்த்தேன், நாலாவதும் போயிற்று. யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்து காபி குடித்தேன்.

எட்டு மணிக்கு அப்பா களத்துக்குப் போனார். பத்து மணிக்குப் போலீஸ் வந்தது. நெல்லை அளந்தார்கள். இரண்டு கலம் குறைகிறது என்றார் அப்பா. எதிலிருந்து குறைகிறது என்றால், அவர் மனத்தில் போட்டு வைத்திருந்த கணக்கிலிருந்து. வீட்டில் படித்தவன் என்று என்னைச் சாட்சியாக எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதியது இதுதான்: "காலையில் களத்துக்குப் போனேன். பொலியின் குறி கலைந்திருந்தது. அன்று காவல் இருந்தவர் சாமிக்கண்ணு. அங்கே வேறு யாரையும் நான் பார்க்கவில்லை."

நான்கு வாக்கியம். நான்கும் உண்மை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அன்று எனக்குள் ஒரு சிறு திருப்திகூட இருந்தது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இது முழு வாக்குமூலம்.

வழக்கு இரண்டு வாய்தா தள்ளிப்போயிற்று. ஜாமீனுக்கு நிற்க யாரும் முன்வரவில்லை. பிறகு அப்பா சமரசத்துக்கு ஒத்துக்கொண்டு வழக்கை விட்டுவிட்டார். பெரிய மனது என்று ஊரே பேசியது. சமரசம் ஆனதால் சாமிக்கண்ணு குற்றவாளி என்றும் தீர்ப்பாகவில்லை, நிரபராதி என்றும் தீர்ப்பாகவில்லை. குறி கலைத்தவன் என்ற பெயர் மட்டும் தங்கியது. அந்தப் பெயரோடு புன்னையடியில் இருக்க முடியாமல் அவர் நெடுங்கோட்டகத்துக்குக் குடிபோனார். நான் கல்லூரிக்குத் திரும்பிப் போனேன். வரலாறு படித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு சொல்லிக் கொடுத்தேன்.

8.30. திருத்துறைப்பூண்டி. இரண்டு இட்லி, ஒரு டீ. முள்ளியாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஆட்டோ பேசினேன். இருநூற்றைம்பது ரூபாய்.

"நெடுங்கோட்டகத்துல எங்க சார் இறங்கணும்?"

"பழைய ஜெயில்."

கண்ணாடியில் ஓட்டுநர் என்னைப் பார்த்தார். "அது மூடி ரொம்ப வருஷம் ஆச்சே. யாரைப் பார்க்கப் போறீங்க?"

"கட்டடத்தைத்தான்."

"நல்லாப் பாருங்க சார். எங்க தாத்தா அதுக்குள்ள நாலு நாள் இருந்திருக்காரு. கள்ளு குடிச்சிட்டு மணியக்காரரை ஏசிப்புட்டாராம். வெளிய வந்து, சோறு பரவால்லன்னு சொன்னாராம்." சிரித்துவிட்டு, "இந்தப் பக்கத்து ஊர்கள்ல பாதிப் பேரோட தாத்தா அதுக்குள்ள இருந்திருப்பாரு. மீதிப் பாதி உள்ள அனுப்பினவங்க. நீங்க எந்தப் பாதி சார்?" என்றார்.

"அனுப்பினவங்க" என்றேன்.

அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார். வழியெல்லாம் நல்ல ஊர்க்கதைகள் சொல்லிக்கொண்டு வந்தார்.

9.15. கலியமூர்த்தி வாசலில் சாவிக்கொத்தோடு காத்திருந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனாக்கள். "வாங்க சார், வாங்க. டீ சொல்லட்டுங்களா, இல்ல முதல்ல உள்ள தள்ளிடட்டுங்களா?" என்றார். முதலில் உள்ளே போகலாம் என்றேன்.

கட்டடத்தை விவரமாகச் சொல்கிறேன். இதைப் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு.

கடைத்தெருவின் கோடியில், பனை உயரத்துக்கு வளர்ந்த இரண்டு தூங்குமூஞ்சி மரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. முகப்பில் ஐந்து வளைவுகள் கொண்ட தாழ்வாரம். செங்கல்லும் சுண்ணாம்பும். சுவரின் கனத்தை என் கைத்தடியால் அளந்து பார்த்தேன், இரண்டரை அடிக்குக் குறையாது. பூச்சு உதிர்ந்த இடங்களில் செங்கல் தெரிகிறது. இன்றைய கல்லைவிட மெல்லியது, அகலமானது. கூரைக்குத் தேக்கு உத்தரங்கள் போட்டு, அவற்றின் மேல் செங்கற்களைச் சாய்த்து நிறுத்தி, சுண்ணாம்புக் காரை போட்டு மட்டம் செய்திருக்கிறார்கள். சென்னை மாகாணம் முழுவதும் கச்சேரிகளுக்கு இந்தக் கூரைதான். எத்தனையோ புயலைப் பார்த்த கடலோரத்தில் ஒரே ஓர் உத்தரம்தான் இறங்கியிருக்கிறது.

அழகைவிட அமைப்புதான் இங்கே பார்க்க வேண்டியது. நடுவில் பெரிய கூடம். துணைத் தாசில்தார் உட்கார்ந்து வரி வசூல் பார்த்த இடம் அது. வெள்ளைக்காரர் காலத்தில் அவருக்கே மாஜிஸ்திரேட் அதிகாரமும் உண்டு. காலையில் கிஸ்தி கட்டவில்லை என்று கேட்டவரே, பிற்பகலில் அதே நாற்காலியில் இருந்து தண்டனையும் சொன்னார். கூடத்துக்கு இடப்பக்கம் கஜானா அறை, வலப்பக்கம் ஜெயில். இரண்டின் கதவும் தெரியும்படி நடுவில் ஒரு சிறு மேடை. ஒரே காவலன் அங்கே நின்றால் போதும், பணத்தையும் பார்த்துக்கொள்ளலாம், கைதிகளையும் பார்த்துக்கொள்ளலாம். காவேரி பாயும் இந்தப் பூமியிலிருந்து நெல்லாகவும் பணமாகவும் வாங்கியதற்கும், கொடுக்க முடியாதவனையும் எதிர்த்தவனையும் அடைத்ததற்கும் ஒரே பூட்டு, ஒரே துப்பாக்கி. ஓர் ஆட்சி எப்படி நடந்தது என்பதை வகுப்பில் ஒரு மணி நேரம் பேசி விளக்கியிருக்கிறேன். இந்த மேடையில் நின்றால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

ஜெயிலில் நாலு கொட்டடிகள். ஒன்று பெண்களுக்கு. ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு சாண் அகலத்தில் காற்றுத் துளை. கம்பிக் கதவின் தாழ்ப்பாள், உள்ளே இருப்பவன் கை எட்டாதபடி சுவருக்குள் ஒன்றரை அடி நீண்டு போய்ப் பூட்டிக்கொள்கிறது. பின்னால் முற்றமும் கிணறும். மதிலின் மேல் கண்ணாடிச் சில்லு. வாசல் சுவரில் கறுப்பு வர்ணம் பூசி, ஆண், பெண், மொத்தம் என்று மூன்று கட்டம் எழுதியிருக்கிறார்கள். அன்றன்றைய எண்ணிக்கையைச் சாக்கட்டியால் எழுதிய இடம். மூன்றும் இப்போது வெறுமை.

"வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்குப் போனவங்களை இங்கதான் சார் அடைச்சாங்க. அதை முதல் வரியில போட்டுடுங்க. அப்பதான் மேல இருக்கறவங்க காது கொடுத்துக் கேப்பாங்க" என்றார் கலியமூர்த்தி.

"ஆதாரம் இருக்கிறதா?"

"ஊரே சொல்லுது சார்."

"பதிவேடு?"

"அதைத்தான் கரையான் படிச்சி முடிச்சிட்டுதே."

ஊர் சொல்வதாக எழுதுகிறேன், நடந்ததாக எழுத மாட்டேன் என்றேன். அவர் முகம் சிறிது வாடியது. ஆனால் அதைவிட வலுவான காரணம் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். சத்தியாகிரகிகள் வந்திருந்தாலும் ஒரு சில வாரம்தான் இருந்திருப்பார்கள். மற்ற காலம் முழுவதும் இந்தக் கொட்டடிகளை நிரப்பியவர்கள் கூலியாட்கள். மடையைத் திறந்துவிட்டான், வரப்பை வெட்டினான், கதிரைக் கசக்கினான், கூலி போதாது என்றான். இவர்களுக்கு எந்த ஊரிலும் கல்வெட்டு கிடையாது. இவர்கள் இருந்ததற்கு இந்தச் சுவர்தான் அத்தாட்சி.

"அருமையா இருக்கு சார்" என்றார் கலியமூர்த்தி. "இதையே அந்த வசந்தாம்மாகிட்ட சொல்லுங்க. பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன்."

அவர் டீ வாங்கப் போனபோது மூன்றாவது கொட்டடிக்குள் போனேன். சாமிக்கண்ணு எதில் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. அப்போது ஒரு தடவைகூட நான் வந்து பார்க்கவில்லை. உள்ளே வௌவால் நாற்றம். வெளியே யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். மத்தி, நண்டு என்ற குரல் காற்றுத் துளை வழியாகத் தெளிவாகக் கேட்டது. ஊரின் சத்தம் அவ்வளவும் உள்ளே கேட்கும்படி, ஊரில் எதையுமே பார்க்க முடியாதபடி கட்டியிருக்கிறார்கள்.

11.10. வசந்தா ஸ்கூட்டியில் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது.

"வசந்தாம்மா, சார் தஞ்சாவூர்லேர்ந்து உனக்காகத்தான் வந்திருக்காரு" என்றார் கலியமூர்த்தி.

"ஓட்டெடுப்பு வருதுன்னா எனக்காக நிறையப் பேர் வருவாங்க போஸ்ட்மாஸ்டரே." என் பக்கம் திரும்பி, "வணக்கம் சார். சொல்லுங்க, கேட்டுக்கறேன். கடையில நாலு ரவிக்கை கெடக்கு, சீக்கிரம் சொல்லுங்க" என்றார்.

கட்டடத்தைப் பற்றிச் சொன்னேன். மேடை, கஜானா, ஒரே காவல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா பங்களாவுக்குப் பாரம்பரியம் இருக்கலாம், கோயிலுக்கு இருக்கலாம். கொட்டடிக்கு என்னங்க பாரம்பரியம்? எங்கப்பா சாகற வரைக்கும் இந்தத் தெரு வழியா நடக்கல சார். பின்னால குளத்தங்கரை சுத்திக்கிட்டுத்தான் கடைக்கு வருவாரு. இதை இடிச்சிட்டுப் பொம்பளைங்களுக்கு ஒரு தையல் கூடம் கட்டணும். அவ்வளவுதான்."

"இடித்துவிட்டால் உள்ளே இருந்தவர்களுக்குச் சாட்சியே இல்லாமல் போய்விடும்" என்றேன்.

"சாட்சி இருந்ததாலதான் சார் எங்கப்பா உள்ள போனாரு."

"அந்தச் சாட்சி நான்தான்" என்றேன்.

கலியமூர்த்தி டீக் கோப்பையைக் கீழே வைத்தார். வசந்தா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புன்னையடியா?"

"ஆமாம்."

"பெரிய வீட்டு மூத்தவரா? காலேஜ்ல படிச்சவரு?"

"ஆமாம். என் பெயர் ராமநாதன். பொலியின் குறியைக் கலைத்தது நான். உங்கள் அப்பா இல்லை. நெல் திருட்டே நடக்கவில்லை. அன்றைக்கே தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை."

பல வருடம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள். வெளியே சொன்னபோது அரை நிமிடத்தில் முடிந்துவிட்டன.

"தெரியுங்க" என்றார் வசந்தா.

எனக்கு விளங்கவில்லை.

"அப்பாவுக்கு அன்னிக்கே தெரியும். வாய்க்கால்லேர்ந்து வந்து பாத்தா, சாணி மெழுகின களத்துல செருப்புத் தடம். களத்துல யாருங்க செருப்புக் காலோட ஏறுவா? வேலை செய்யறவன் ஏறமாட்டான், உங்கப்பாவே ஏறமாட்டாரு. ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு ஏற ஊர்ல ஒரு ஆள்தான். உங்கப்பா வந்தப்போ அந்தத் தடத்துக்கு நேரா நின்னு பாத்தாராம். பாத்துட்டு அது மேலயே வைக்கோலைத் தள்ளச் சொன்னாராம்."

"உங்கள் அப்பா ஏன் சொல்லவில்லை?"

"யார்கிட்ட சார் சொல்றது?" என்றார் அவர், எனக்கே தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைக் கேட்டுவிட்டது போல. "எங்கம்மா உங்க வயல்ல நடவு நட்டுக்கிட்டு இருந்தா. குடிசை உங்க கொல்லையில இருந்துச்சு."

அப்பாவும் பார்த்தார் என்பது எனக்குப் புதிது. அப்பா ஏமாந்து போனார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவரையும் சேர்த்து ஏமாற்றியதாக ஒரு தனிக் குற்றவுணர்வுகூட வைத்திருந்தேன்.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். "எங்களுக்குத் தெரிஞ்சது பத்தாதுங்க. ஊருக்குத் தெரியணும். அப்பா போய் எட்டு வருஷம் ஆச்சு. இன்னும் எங்க வீட்டுக்கு அடையாளம் குறி கலைச்சவன் வீடுதான். மதிப்பு அது இதுன்னு ஒரு தாள் எழுதறீங்கள்ல, அதே தாள்ல இதையும் எழுதுங்க. உங்க பேரு, உங்கப்பா பேரு, ஊரு பேரு, கையெழுத்து."

தாழ்வாரத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். கலியமூர்த்தி தன் பேனாக்களில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்து கொடுத்தார். முதல் பக்கத்தில் கட்டடத்தைப் பற்றியும், அதை இடிக்கக் கூடாது என்பதற்கான காரணங்களையும் எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் களத்தில் நடந்தது. அப்பாவைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது. என் தம்பி குடும்பம் இன்னும் புன்னையடியில்தான் இருக்கிறது. கடைசியில் இப்படி எழுதினேன்: "என் தந்தைக்கு இது தெரிந்திருந்தது என்று சாமிக்கண்ணு கூறியிருக்கிறார். அது உண்மையா என்பது எனக்குத் தெரியாது."

வசந்தா இரண்டு தடவை படித்தார். அந்த இடத்தில் விரலை வைத்தார். "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"சரி. தெரியாததை எழுதச் சொல்லமாட்டேன்." கைபேசியில் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து, நாலாவது வார்டு மக்கள் குழுவில் அங்கேயே போட்டுவிட்டார். முந்நூறு பேருக்கு மேல் அதில் இருக்கிறார்களாம்.

"அப்போ உன் ஓட்டு..." என்று ஆரம்பித்தார் கலியமூர்த்தி.

"தபால் இப்பதான் வந்திருக்கு போஸ்ட்மாஸ்டரே. பிரிச்சுப் படிக்க விடுங்க." வசந்தா ஸ்கூட்டியைக் கிளப்பினார். குளத்தங்கரைப் பக்கம் திரும்பாமல் ஜெயில் தெரு வழியாகவே போனார்.

1.05. திரும்பும் பேருந்து. மன்னார்குடியில் இறங்கி என் தங்கை திலகவதி வீட்டில் சாப்பிடுவதாக முன்பே ஏற்பாடு. அவளுக்கு எழுபத்து நாலு வயது. 3.10க்குக் கதவைத் தட்டினேன்.

"வா அண்ணா. சாப்பிடறியா, இல்ல ஊர்ல வாங்கிக் கட்டிக்கிட்டதுலயே வயிறு ரொம்பிடுச்சா?" என்றாள்.

செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. நெடுங்கோட்டகத்துக் குழுவிலிருந்து புன்னையடிக்கு, அங்கிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து இவளுக்கு.

"தம்பி போன்ல கத்தறான். உன்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்கோ. செத்துப்போன அப்பாவை ஏன் இழுத்தேன்னு கேக்கறான்."

"நான் இழுக்கவில்லை. எனக்குத் தெரியாது என்றுதான் எழுதினேன்."

அவள் சோறு போட்டாள். வத்தக்குழம்பு ஊற்றினாள். அப்பளத்தை வைத்தாள். நான் பாதி சாப்பிட்டிருப்பேன்.

"தெரியாதுன்னு எழுதினது தப்பு" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அன்னிக்குக் காலையில செருப்பைக் காணோம்னு தேடினியே. நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்னு சொன்னேனே. நாய் தூக்கல. அப்பா களத்துலேர்ந்து வந்ததும் என்னைக் கொல்லைப்புறம் கூப்பிட்டு, காகிதத்துல சுத்தி என் கையில குடுத்தாரு. வாய்க்கால்ல தூரமாப் போட்டுட்டு வான்னாரு. போட்டேன். எதுக்குன்னு கேக்கல. அப்பல்லாம் கேக்கற வழக்கம் இல்ல."

"போலீஸ் வந்த பிறகா?"

"முந்தி. அதுக்கப்புறம்தான் ஆள் அனுப்பினாரு."

இலையில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்தவர் அப்பா. குறி கலைத்தவன் யார் என்று தெரிந்தேதான் என்னிடம் பேனாவைக் கொடுத்திருக்கிறார்.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை திலகா?"

"நீ ஏன் சொல்லல?"

கை கழுவிவிட்டு வசந்தாவைக் கூப்பிட்டேன். காது சரியாகக் கேட்காததால் நான் ஸ்பீக்கரில்தான் பேசுவேன். தங்கை சொன்னதை அப்படியே சொன்னேன். மறுமுனையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.

"உங்க தங்கச்சி பேரு என்னங்க?"

திலகா வேண்டாம் என்று கையை ஆட்டினாள். "பெயர் வேண்டாம் என்கிறாள்" என்றேன்.

"பயமா இருந்தா விட்டுடச் சொல்லுங்க. உங்க பேர் ஒண்ணே போதும்."

"பயமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் திலகா, என்னைத் தள்ளிக்கொண்டு கைபேசிக்குக் கிட்டே வந்து. "திலகவதின்னு எழுதிக்குங்க."

"சரிங்கம்மா. அண்ணனை இன்னொரு தாள்ல எழுதித் தபால்ல அனுப்பச் சொல்லுங்க. கையெழுத்தோட." தையல் இயந்திரம் மறுபடி ஓடியது.

5.50. தஞ்சாவூர். பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ, பதினைந்து ரூபாய். இந்த ஊரில் பார்க்க வேண்டிய இடங்களை நான் எத்தனை பேருக்குச் சுற்றிக் காட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. கோபுரத்தையும் அரண்மனையையும் யார் கட்டினார், எப்போது கட்டினார், எத்தனை அடி உயரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நெடுங்கோட்டகம் கட்டடத்தை யார் கட்டினார் என்பதற்குச் சரியான ஆதாரம் கிடைக்கவில்லை. உள்ளே இருந்தவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியும். அதைப் பார்க்க நீங்களும் ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். பேரூராட்சிக் கூட்டம் அடுத்த வியாழக்கிழமை. இடிப்பதா வேண்டாமா என்று அன்று தெரியும். வசந்தாவின் ஓட்டு எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

தம்பி இரண்டு தடவை கூப்பிட்டான். இரண்டாவது தடவை எடுத்தேன். அந்தத் தாளைத் திரும்ப வாங்கிவிடு, இல்லையென்றால் இந்த வீட்டுப் படியேறாதே என்றான். வாங்க முடியாது, அதில் ஒரு பிழை இருக்கிறது, திருத்தி அனுப்பப் போகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் உட்கார்ந்து எழுதினேன். முன்பு எழுதியதைப் போல இதிலும் நான்கு வாக்கியம்தான்:

"பொலியின் குறியைக் கலைத்தது நான் என்பது என் தந்தைக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது என முதல் தாளில் எழுதியிருந்தேன். போலீசுக்கு ஆள் அனுப்புவதற்கு முன்பே அவருக்கு அது தெரியும் என்பதை, அவர் சொல்படி என் செருப்பை வாய்க்காலில் எறிந்த என் தங்கை திலகவதி இன்று என்னிடம் சொன்னாள். தெரிந்தே புகார் கொடுத்தவர் என் தந்தை, தெரிந்தே சாட்சி எழுதியவன் நான். சாமிக்கண்ணு எங்கள் களத்திலிருந்து ஒரு நெல்மணியும் எடுக்கவில்லை."